அரை முறை

9-6-97, திங்கள்

படகு பதினொரு நிமிடம் லேட். கல்பாக்கம் ஆபீஸ் பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு முள் அரைக்கோடு தள்ளி நின்றாலே திருப்பி அனுப்புகிறவன் நான். எனக்கு வாய்த்த படகுக்காரன் இப்படி.

சவுக்குத்துறைக்குக் குடிவந்தது என் தப்புதான். குவார்ட்டர்ஸில் இருந்தால் ஆளாளுக்கு எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கால்வாய்க்கு மேற்கே வாடகைக்கு வந்தேன். பாலம் சுற்றிப் போனால் இரண்டு பஸ். படகில் கால்வாயோடு ஒரு மைல் போனால் கிழக்குக் கரையில் பஸ் நிற்கும் இடம். துறையில் ஏழு படகு, ஏழு குடும்பம், ஆளுக்கு ஒரு கிழமை. அதை ‘முறை’ என்கிறார்கள். மற்ற நாட்களில் சவுக்குக் கட்டை ஏற்றப் போய்விடுவார்கள். ஆறு கிழமை ஒழுங்காகத்தான் ஓடுகிறது. திங்கட்கிழமைக்காரன் தனகோடி இருக்கிறானே —

மணி என்ன தெரியுமா என்று கேட்டேன். “வாச்ச கயட்டி தண்ணில போடு சார், எல்லாம் சரியாப்பூடும்” என்றான். படகே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

16-6-97, திங்கள்

ஒன்பது நிமிடம்.

30-6-97, திங்கள்

லேட்டுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். தூரத்தில் யாராவது ஓடி வந்தால் நிற்கிறான். ஓடாமல் சாவகாசமாக நடந்து வந்தாலும் நிற்கிறான். இன்று செருப்பு வார் அறுந்து நானே தாமதம். எனக்காகவும் நின்றான். “உன்ன உட்டுட்டு போனா கத்தறதுக்கு ஆளு வாணாமா?” என்றான்.

திரும்பி வரும்போது ஏன் எப்போதும் வேறு படகு என்று கேட்டேன். கல்யாணம் ஆகாதவனுக்கு அரை முறைதானாம். பொழுது விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் அவன், அதற்கு மேல் அவன் அக்கா புருஷன் கருப்பன். இருபத்தொன்பது வயது ஆகிறது, இன்னும் அரை ஆள். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பல் நல்ல வரிசை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

4-8-97, திங்கள்

இன்று இறங்கும்போது “பாத்து எறங்கு மச்சான்” என்றான். தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கும்பகோணத்தில் மச்சான் என்றால் அக்காள் தங்கையைக் கொடுத்து எடுக்கிற உறவு. ஆபீஸில் பாலாவிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். இந்தப் பக்கம் டீக்கடைக்காரனையும் மச்சான் என்பார்களாம், அதில் ஒன்றுமில்லையாம்.

ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வருத்தமாக இருந்தது. முப்பத்து மூன்று வயதில் இந்தக் கூத்து.

19-10-97, ஞாயிறு

அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி அவன் படகுக்கே கொண்டுபோனேன். வீட்டை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் படகில்தான் குடித்தனம். நடுவில் ஓலைக் கூரை, அதன் கீழே ஒரு ஸ்டவ், பாய், நாலு சட்டை. கடிகாரத்தை வாங்கியவன் மணியைப் பார்க்கவில்லை, பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். இனி அது ஓடாது.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கூரைக்குள். நான் புயல் சின்னம், காற்றழுத்தம் என்று ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். பயத்தில் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவன் என் கையைப் பிடித்து வாட்சைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “இன்னிக்கி உனுக்கு மணி கெடயாது” என்றான். கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

எத்தனை மணிக்கு மழை விட்டது என்று எனக்குத் தெரியாது.

20-10-97, திங்கள்

ஆபீஸில் எல்லா முள்ளும் சரியாக நிற்பதுபோல் தெரிகிறது. ஜாக்கிரதை.

28-12-97, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

தை ஐந்தாம் தேதி துறையில் வருஷத்துக்கான முறை பிரிப்பார்களாம். முப்பது முடிந்தும் ஒண்டியாக இருக்கிறவனின் அரை முறை, கூடப் பிறந்தவள் வீட்டுக்குப் போய்விடுமாம். அவனுக்கு இந்த மார்கழி பிறந்ததும் முப்பது முடிந்துவிட்டது. முறை போனால் துறையில் படகு கட்டவும் இடமில்லை. அக்கா, புருஷன் பேச்சை மீறி, கருங்குழியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். தனகோடி சரி என்று சொல்லப் போகிறான்.

ஆறு மாதமாகத் தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. வேறு இடத்துக்குப் போய்விடலாம், கேளம்பாக்கத்தில் வீடு பார்க்கிறேன் என்றேன். “அங்க போயி நான் இன்னா பண்றது? உன் துணி தோச்சிகினு குந்தினு இருக்கவா? தண்ணி இல்லாம எனுக்கு மூச்சு வராது” என்றான். அப்படியானால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று கேட்டேன். படகின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். அப்புறம் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “உனுக்கு இன்னா நஷ்டம்? துறையில ஒருத்தன் முன்னாடி என் பேர சொல்லியிருக்கியா நீ? நீ சார். நாளிக்கி பொட்டிய தூக்கினு பூடுவ.”

நிஜம்தான். பிறர் எதிரில் அவனை நான் ‘போட்காரர்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். கோழை. கோழை. கோழை.

3-1-98, சனி

ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டது மிச்சம். அழுதது போதும், யோசிக்கலாம் என்று முடிவு செய்தேன். எந்த விதிக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாமல் எந்தக் கருவியையும் நான் பிரிப்பதில்லை.

முறைக் கணக்கை வைத்திருப்பது ஞானம்மாள். ஞாயிற்றுக்கிழமைப் படகு அவளுடையது. நாற்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, மகள் ஜெசிந்தாவும் அவளும் ஓட்டுகிறார்கள். ஏழு படகும் அவள் குரலுக்கு அடக்கம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் போய், ஒண்டி ஆளுக்கு ஏன் அரை முறை என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“காத்து எதிர்ல அடிச்சா படகுல ஒருத்தன் கழி போடணும், கரையில ஒருத்தன் கயிறு கட்டி இழுக்கணும். பொயுது சாய காத்து எதிர்லதான். ஒண்டி ஆளு ரெண்டும் பண்ணுவானா? படகு நட்ட நடுவுல நிக்கும், ஜனம் கத்தும். அதுக்குத்தான் அரை. எனுக்கு புருசன் இல்ல, பொண்ணு கீறா, முழு முறை ஓட்டல?”

இவ்வளவுதானா! கல்யாணம் இல்லை, கயிற்றுக்கு ஓர் ஆள். அதைத்தான் அந்தக் காலத்தில் கல்யாணம் என்று சுருக்கிவிட்டார்கள். கயிறு இழுக்க நான் கற்றுக்கொள்வேன். தை ஐந்தாம் தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.

11-1-98, ஞாயிறு

ஞானம்மாள் படகில் எட்டு நாளாகப் பயிற்சி. விடியற்காலையில் ஆபீஸுக்கு முன்பும் இன்று முழு நாளும். அவள் ஏன் என்று கேட்கவில்லை. “இழுக்கறதுன்னா இழு, வேடிக்க காட்டாத” என்றதோடு சரி. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் மூன்று முறை விழுந்தேன். துறையில் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தோள் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொள்கிறது.

தனகோடி இரண்டு வாரமாகப் பேசவில்லை. தன் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கடந்து போகும்போது, “துண்ட மடிச்சி தோள்ல போட்டுக்கினு அதும்மேல கயிற போடுடா, கூமுட்ட” என்று கத்தினான். முதல்முறையாக ‘டா’. கருங்குழிக்கு என்ன பதில் சொன்னான் என்று யாரிடம் கேட்பது?

அவன் என்ன முடிவெடுத்தாலும் வரும் ஞாயிறு முறை பிரிக்கிற இடத்தில் நான் போய் நிற்பேன்.

18-1-98, ஞாயிறு, தை 5

எழுதியே தீர வேண்டும்.

காலை எட்டு மணிக்குத் துறை அரசமரத்தடியில் ஏழு குடும்பமும். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். காற்றின் திசை, இரண்டு பேர் தேவை, கயிற்றுக்கு நான் தயார் — மூன்றே விஷயம், இரண்டு நிமிடப் பேச்சு. போய்த் தனகோடியின் பக்கத்தில் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பன் பார்த்தான்.

திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பம். ஆகையால் முதல் பெயரே தனகோடி. ஞானம்மாள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னா முறை?” என்றாள்.

தாள் மறந்தது. காற்று மறந்தது. எங்கள் ஊரில் இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தி என்ன முறை என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சித்தப்பா முறையா, மாமன் முறையா, யார் நீ இவனுக்கு? இந்தக் கேள்விக்குத்தானே வாழ்நாள் முழுக்கப் பயந்தேன். கேட்டேவிட்டாள், ஏழு குடும்பத்தின் எதிரில். இனி ஒளிய இடமில்லை என்று தோன்றியதும் ஒரு தைரியம் வந்தது பாருங்கள் —

“புருஷன் பெண்டாட்டி முறைதான்” என்றேன். சத்தமாக. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதுபோல்.

ஞானம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

“அத்த யாருய்யா கேட்டது? முழுசா அரையான்னு கேட்டேன்.”

பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம். யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். கருப்பன் எழுந்து, “அசிங்கம்! இவன இன்னிக்கே தொரத்துங்க, முறை எனுக்கு வரணும்” என்று கத்தினான். நான் தனகோடியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஒரு வார்த்தையில் அவன் என்னைக் கைகழுவியிருக்கலாம் — சார் பைத்தியம், ஏதோ உளறுகிறார் என்றால் போதும், முறையும் கருங்குழிப் பெண்ணும் அவனுக்கு.

“முழுசு” என்றான் தனகோடி.

கருப்பன் அவன் சட்டையைப் பிடித்தான். இவன் கையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் சொன்னான், “முழுசுன்னு போடு ஞானக்கா. கயித்துக்கு ஆளு கீது.”

ஒரு மணி நேரம் கூச்சல். இரண்டு குடும்பம் எழுந்து போய்விட்டது. கடைசியில் ஞானம்மாள், “அவனுங்க வூட்டுக்குள்ள இன்னா முறைன்னு நான் எட்டிப் பாக்கப் போறதில்ல. படகு நிக்காம ஓடுமா, ஓடாதா? இந்தாளு ரெண்டு வாரமா என் படக இழுத்துகீறான், கண்ணால பாத்துக்கீறேன். ஒரு தபா நடுவுல நின்னுச்சி, அன்னியோட அரை” என்றாள். பிறகு என்னிடம், “திங்கக்கெயம நீ ஆபீஸ் போவணும். என் ஞாயித்துக்கெயமய எடுத்துக்க, திங்க எனுக்கு. சர்ச்சுல பூசைக்குப் போயி ரெண்டு வருசம் ஆவுது” என்றாள்.

தாளைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

19-1-98, திங்கள்

விஷயம் ஆபீஸுக்கு எனக்கு முன்பே போய்விட்டது. பாலா என் மேஜைக்கு வந்து, “படகு வாங்கிட்டீங்களாமே சார்?” என்றார், ஒரு மாதிரிச் சிரிப்போடு. “படகு அவருடையது, கயிறுதான் நான்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட என் மேஜைக்கு யாரும் வரவில்லை. எலுமிச்சை சாதம் முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

25-1-98, ஞாயிறு

முதல் முறை. எட்டு நடை. படகு நிற்கவில்லை.

அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதித் தபாலில் போட்டேன். பெண் பார்க்க வேண்டாம் என்று மட்டுமல்ல, ஏன் என்றும்.

22-2-98, ஞாயிறு

நான்கு வாரம். அம்மாவிடமிருந்து பதில் இல்லை. எழுதியது எழுதியதுதான்.

கருப்பன் படகை எதிரே விட்டு வழி மறித்தான். தனகோடி கழியைத் தண்ணீரிலிருந்து பிடுங்கிக்கொண்டு சண்டைக்குப் போகப் பார்த்தான். நின்றால் அரை முறை, அதற்குத்தானே கருப்பன் காத்திருக்கிறான்! வாயை மூடிக்கொண்டு கழி போடு என்று நான் கரையிலிருந்து போட்ட சத்தம் மகாபலிபுரம் வரை கேட்டிருக்கும். உரசிக்கொண்டு போய்விட்டோம். இரவெல்லாம் தனகோடியிடமிருந்து ஒரே கேலி, சாருக்குப் படகுக்கார வாய் வந்துவிட்டதாம்.

15-3-98, ஞாயிறு

பங்குனித் தொடக்க வெயில். மாலையில் எதிர்காற்று பலம். படகில் பதினெட்டு பேர், இரண்டு சைக்கிள். மறைமலைநகரிலிருந்து வந்த ஒரு குடும்பம், துறைக்குப் புதுசு. அந்த மனிதர் கரையில் குனிந்து இழுத்துக்கொண்டிருந்த என்னைக் காட்டித் தனகோடியிடம் கேட்டது காற்றில் தெளிவாக விழுந்தது. “யாருப்பா அது, கண்ணாடிலாம் போட்டுகினு? கூலி ஆளா?”

படகில் துறை ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். தனகோடி கழியை ஊன்றிக்கொண்டே, மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி, “இல்ல சார், என் வூட்டு ஆளு” என்றான். அந்த மனிதர் சரி என்று தலையாட்டிவிட்டு வேறு ஏதோ கேட்டார்.

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. கால் நின்றுவிட்டது போலிருக்கிறது, கயிறு தொய்ந்தது.

“இன்னாடா நிக்கிற, இழு!” என்று அங்கிருந்து கத்தினான்.

இழுத்தேன்.