கல்யாணப் பத்திரிகையில் கட்டிய போர்க்கப்பல்

அன்புள்ள என் வீட்டுக் கப்பல்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. கப்பல்கள் எல்லாம் பத்திரம். முதலில் அதைத்தானே கேட்பீர்கள்?

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம் ஈஜிபுரா தெருவில் வழக்கம்போல முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கப்பல்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் அரிசி மூட்டையைத் தூக்கினேன். நீங்கள் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?

ஐ.டி. கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஓட்டிய மனிதருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பைத்தியம்? ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவே பஸ்ஸிலேயே உட்கார்ந்து போனில் பழைய போர்க்கப்பல்களைப் பார்ப்பீர்கள். "மத்த ஆம்பளைங்க கிரிக்கெட் பாக்கறாங்க. நீங்க மட்டும் ஏங்க முழுகிப்போன கப்பலப் பாக்கறீங்க?" என்று ஒருநாள் சண்டை போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "இவ்ளோ இரும்ப அடுக்கி, அத மிதக்கவும் வச்சிருக்கான் பாரு செல்வி" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

அப்புறம் கட்டவே ஆரம்பித்தீர்கள். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டை, மேலே மூன்று கோட் வார்னிஷ், பீரங்கிக் குழலுக்குப் பேனா ரீஃபில். நம் கீதாவின் படிப்பு மேஜை கப்பல் துறை ஆயிற்று. அவள் மடியில் புத்தகம் வைத்துப் படித்தாள், உங்களை முறைத்துக்கொண்டே.

முதல் கப்பல் ஜப்பான்காரர்களின் யமாட்டோ. உலகத்திலேயே பெரிய பீரங்கிகள் அதில்தான் என்று தெருவுக்கே சொன்னீர்கள். ஆனால் அதன் மூக்கு உங்களுக்கு வளையவே இல்லை. அட்டை மடிந்தது, கிழிந்தது. நான் தையல் மிஷினிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் எழுந்து வந்து, "தட்டையான துணிய உடம்புக்கு வளைக்கணும்னா டாட் புடிக்கணுங்க. இதுவும் ஜாக்கெட்டு மாதிரிதான்" என்று இரண்டு இடத்தில் ஆப்பு போல வெட்டி ஒட்டினேன். மூக்கு அழகாக வளைந்து நின்றது. நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அடிப்பாகம் என் வேலை, ஆயுதம் உங்கள் வேலை.

அல்சூர் ஏரிக்கு அதைக் கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பீரங்கி மேடைகளை ஈயத்தில் வார்த்திருந்தீர்கள். "நெஜக் கப்பல்ல ஒரு பீரங்கி மேடையே ஒரு சின்னக் கப்பல் வெயிட்டு, தெரியுமா?" என்று பெருமை வேறு. தண்ணீரில் விட்டதும் யமாட்டோ ஒருமுறை என்னைப் பார்த்துச் சாய்ந்தது. அப்படியே கவிழ்ந்து மூழ்கியது. பேன்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் துழாவி எடுத்தீர்கள். நான் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கப்பலின் அடிவயிற்றில் இரும்பு நட்டுகளை ஒட்டிய பிறகுதான் அது நேராக நின்றது.

ஹுட் கட்டும்போது மட்டும் நான் சிரிக்கவில்லை. பிரிட்டிஷ்காரர்களின் அழகான கப்பல் அது. எதிரிக் கப்பலான பிஸ்மார்க்கின் குண்டு விழுந்து, உள்ளே வெடிமருந்து பற்றிக்கொண்டு, சில நிமிடத்தில் இரண்டாகப் பிளந்து போனது என்று கவச இரும்பின் கனம்வரை விளக்கினீர்கள்.

"உள்ள எத்தன பேருங்க இருந்தாங்க?"

"ஆயிரத்து நானூறு பேருக்கு மேல."

"எத்தன பேர் பொழச்சாங்க?"

"மூணு பேரு" என்றீர்கள். சொன்ன பிறகுதான் உங்களுக்கே அது உறைத்தது போல இருந்தது. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். ரொம்ப நாள் அந்தக் கப்பலைத் தொடவில்லை. நீங்களும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு குழல் விட்டத்தைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது. கப்பலில் சமையல் செய்தவன் யார், எண்ணெய் படிந்த கையோடு கீழே எஞ்சின் பக்கத்தில் நின்றவன் யார் என்று தேடித் தேடிச் சொன்னீர்கள்.

கடைசியாக பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். ஹுட் வெடித்தபோது கூடவே போன கப்பல். அதே ஆண்டில் மலேயாக் கடலில் ஜப்பான் விமானங்கள் இதையும் மூழ்கடித்தன. தலைகீழாகக் கவிழ்ந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. திருட்டுத்தனமாகப் பழைய இரும்புக்கு அதை உடைத்து எடுக்கிறார்கள், தண்ணீரைத் தள்ளும் வெண்கலச் சுழலிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று படித்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "அது இரும்பு இல்ல செல்வி, சுடுகாடு. சுடுகாட்ல போயி திருடுவாங்களா?" என்றீர்கள். "நம்ம கப்பல்ல எல்லாம் இருக்கணும். நாலு சுழலியும் இருக்கணும்."

முன்னால் நான்கு குழல், அதற்கு மேலே இரண்டு, பின்னால் நான்கு. எல்லாம் வைத்து முடித்தீர்கள். சுழலிகளைச் செய்வதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

அதை அப்படியே மூடி வைத்திருந்தேன். கீதாதான் போன மாதம் வந்து துணியை எடுத்தாள். "என்னம்மா, இதுக்கு பின்னாடி ஒண்ணுமே இல்ல? அப்பா இப்படி விடமாட்டாரே" என்றாள். நெய் டின்னின் மஞ்சள் மூடியை வெட்டி நானே சுழலிகளைச் செய்தேன். நான்கையும் ஒரே பக்கம் முறுக்கி ஒட்டிவிட்டு, படத்தைப் பார்த்ததும்தான் தப்பு தெரிந்தது. சட்டைக் கைக்கு இடது வலது இருப்பதுபோல இதற்கும் உண்டு. இரண்டைப் பிய்த்து மறுபடி செய்தேன். அப்போதுதான் நன்றாக அழுதேன். உங்கள் காரியத்தன்று எனக்கு அழுகை வரவில்லை என்று ஊரே பேசியதே.

கீதா வீடு இருக்கும் சர்ஜாபுரா ரோடு அபார்ட்மென்டில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே கொண்டுபோனோம். செக்யூரிட்டி ஓடி வந்தார். "மேடம், டாய்ஸ் எல்லாம் பூல்ல பேடா" என்று பாதி கன்னடத்தில் கைகாட்டித் தடுத்தார்.

"டாய் இல்ல ரீ" என்றாள் கீதா. "எங்கப்பாவும் அம்மாவும் கட்டுன கப்பல்." அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். கப்பல் சாயவில்லை. காற்றில் மெல்லத் திரும்பி, எதிர்க்கரைவரை போனது. "கொஞ்ச நாள் என் டேபிள்ல இருக்கட்டும்மா" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நம்ப முடிகிறதா?

இன்னொரு செய்தி. அவளை வேலை விஷயமாக மலேசியாவுக்கு அனுப்புகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறாள். பாஸ்போர்ட் போட்டோவில் நான் பயந்தவள் மாதிரி இருக்கிறேன்.

அந்தக் கப்பல் கிடக்கும் மலேயாக் கடலின் கரைக்குக் கட்டாயம் போவேன். நீங்கள் பேர் சொன்னவர்களுக்கும், பேர் தெரியாமல் விட்டவர்களுக்கும் சேர்த்து ஒரு முழம் பூ தண்ணீரில் விடுவேன். அந்தக் கடலிலிருந்து ஒரு கிளிஞ்சல்கூட எடுத்துக்கொண்டு வரமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்களோடு சண்டை போடும்
உங்கள் வீட்டுக்காரி,
செல்வி