இரண்டாம் எபிசோடில் சாகிறவள்

ஜனவரி 9

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது டைரக்டர் விஜய் போன் செய்தார். கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டதாம். மரி-க்ளேர் மதாமின் 'கடல் விலகிய ஆண்டு' நாவல் ஆறு எபிசோட் வெப் சீரிஸாக வரப்போகிறது. திரைக்கதை நான்.

இத்தனை வருஷமாக அடுத்தவர் படங்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்து, கடைசியில் ஓடும் உதவியாளர் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் போனவள் நான். இந்த முறை தனி கார்டு. திரை முழுக்க என் பெயர் மட்டும். "இனிமே லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ்ல உன்ன கையில புடிக்க முடியாதுடி" என்றார் இவர், என் வீட்டுக்காரர். கீரையில் பாதி தண்டோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.

பதினேழு வயதில் படித்த புத்தகம். கடல் விலகிப்போய்த் தரை காய்ந்து கிடக்கும் ஒரு காலம். வீராம்பட்டினத்தில் மீன் விற்ற அஞ்சலாட்சி, ஐம்பது வயதுக்காரி, அந்தத் தரையில் தனியாக நடந்து போவாள். அங்கே இறங்கியிருக்கும் வேற்றுக்கிரகக் கலத்தோடு பேரம் பேசிக் கடலைத் திரும்ப வாங்கி வருவாள். அதுவரை நான் படித்ததில் உலகத்தைக் காப்பாற்றியவர்கள் எல்லாம் கோட்டுப் போட்ட ஆண்கள்.

மதாமுக்கு இப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். "எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டணும். நான் சரின்னு சொன்னாதான் ஷூட்டிங்." இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

ஜனவரி 27

சென்னையில் கம்பெனிக்காரர்களோடு மீட்டிங். "அம்பது வயசு அம்மாவ ஆறு எபிசோட் யாரு மேடம் பாப்பாங்க?" என்று ஆரம்பித்தார்கள். அஞ்சலாட்சிக்கு ஒரு மகன் பிறந்தான் — அந்த ஏ.சி. அறையிலேயே. இருபத்தெட்டு வயது, கடற்படையில் இருந்தவன். கலத்தைத் தேடிப் போவது அவன். "அம்மா ரெண்டாவது எபிசோட்ல செத்தாதான் அவனுக்கு ஒரு வெறி வரும்."

நான் என்ன சொன்னேன்? "எழுதிடலாம் சார்."

சண்டை போடவில்லை. ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் நடிக்கக்கூட இல்லை. அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. திரும்பி வரும் பஸ்ஸில், மதாம் புரிந்துகொள்வார், மதாம் புரிந்துகொள்வார் என்று மரக்காணம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 18

எழுதி முடித்தாயிற்று. அஞ்சலாட்சி சாகும் காட்சி நன்றாக வந்திருக்கிறது. அதுதான் கொடுமை. எழுதும்போது அழுதேன். அப்புறம் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22

ரெயின்போ நகரில் மதாம் வீடு. எனக்காகக் கேக் வாங்கி வைத்திருந்தார். விருந்துக்குப் போகிறவர்போல் நல்ல புடவை. "ம், ஆரம்பி" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

லேப்டாப்பைத் திறந்தேன். முதல் காட்சியே, கடல் விலகுவதற்கு முன்னால், மகன் அதற்குள் பாய்வது. வாய் வரவில்லை. பையில் அவருடைய நாவல் இருந்தது. சத்தம் வராமல் எடுத்து, "காட்சி ஒன்று, வெளி, பகல்" என்று முன்னால் சேர்த்துக்கொண்டு, அவர் எழுதியதையே அவருக்குப் படித்தேன். கண் தெரியாத மனுஷிக்கு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் அவர் தோட்டத்துப் பூசணிக்காயை அவர் சோற்றிலேயே மறைத்தேன்.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குப் போனில் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 23

சொல்லவில்லை.

மார்ச் 2

இன்றும் அதையேதான் செய்தேன். நான்கு பக்கம் தாண்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நிர்மலா, நீ ஒண்ணுமே பண்ணலியே. இது வரிக்கு வரி நான் எழுதினது. இத்தினி பக்கம் அவ மணல்ல நடந்துகினே இருந்தா யாரு உக்காந்து பாப்பா? எனக்கே தூக்கம் வருது."

"உங்க எழுத்தத் தொட மனசு வரல மதாம்" என்றேன்.

இந்தப் பொய்க்கு என் நாக்கு அழுகிப்போக வேண்டும். அவர் சிரித்தார். "மரியாதையெல்லாம் சர்ச்சுல காட்டு. தைரியமா மாத்து. வெட்டு, ஒட்டு, வேற கிரகத்துக்குக்கூடக் கொண்டு போ. அஞ்சலாட்சி மட்டும் அஞ்சலாட்சியா இருக்கட்டும். மிச்சமெல்லாம் உன்னுது."

எதை மாற்றினாலும் விட்டிருப்பார். அந்த ஒன்றைத் தவிர. நாங்கள் அந்த ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறோம்.

மார்ச் 9

ஒரு வாரமாக எழுதியது சீரிஸுக்கு இல்லை. மதாமுக்கு. யாரும் எடுக்கப்போகாத ஒரு திரைக்கதை.

நடையை முழுக்க வெட்டிவிட்டேன். எடுத்த எடுப்பில் பேரம். கலம் ஒரு விலை சொல்கிறது. அஞ்சலாட்சி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறாள். "வேணாம்னா வுடு. கெட்டுப்போற சரக்கு எங்கிட்ட இல்ல, உங்கிட்டதான் இருக்குது." பத்தடி போவதற்குள் கலம் கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்காமல் நிற்கிறாள்.

மதாம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "பியான்! பியான்!" என்று பிரெஞ்சிலேயே பாராட்டினார். "இப்பதான் நீ எழுதியிருக்கே." என் போனை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: "மரி-க்ளேர் பேசறேன். நிர்மலா படிச்சத முழுசாக் கேட்டேன். எனக்குச் சம்மதம்."

அதை விஜய்க்கு அனுப்பினேன். சம்மதம் ஒரு கதைக்கு. ஷூட்டிங் வேறு கதைக்கு. அனுப்பினேனே! விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மார்ச் 11

இந்தப் புதுப் பக்கங்களை எடுக்கலாமா என்று விஜயிடம் கேட்டுப் பார்த்தேன். "சூப்பரா இருக்கு மேடம். ஆனா ஹீரோ டேட் குடுத்துட்டாரே" என்றார். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்தத் தனி கார்டு கண்முன்னால் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 20

வீராம்பட்டினத்தில் ஷூட்டிங் ஆரம்பித்துவிட்டது. மதாம் போன் செய்தார். "அஞ்சலாட்சியா நடிக்கிற பொண்ணு குரல ஒரு தடவ கேக்கணும்." வெயில் என்றேன். கூட்டம் என்றேன். மணலில் நடக்கக் கஷ்டம் என்றேன். "நாளைக்கு ஆட்டோ சொல்லிட்டேன்" என்றார்.

ஏப்ரல் 21

எழுதத்தான் வேண்டும்.

அஞ்சலாட்சி வேஷம் போட்டிருப்பவர் மாலா. விழுப்புரம் பக்கத்து நாடகக்காரர், வெள்ளந்தியான மனுஷி. மதாம் அவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "நல்ல கை" என்றார். "உனக்கு இன்னும் எத்தினி நாளு வேல இருக்கு?"

"இன்னியோட முடிஞ்சுதும்மா. ரெண்டாவது எபிசோட்லயே செத்துடுறேன். அதுக்கப்புறம் எல்லாம் எம் புள்ளதான்." பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "சாவுற சீனு நிர்மலாக்கா எப்புடி எழுதிக்கிறாங்க தெரியுமா? லைட் போடுற பையன்கூட அழுதுட்டான்" என்றார்.

"வெயில்ல நிக்காத, தண்ணி குடி" என்று மாலாவிடம் சொல்லி மதாம் கையை விட்டார். பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். மணலைத் தாண்டி ரோட்டுக்குப் போக வேண்டும். பிடித்துக்கொள்ள என்னை விட்டால் அங்கே அவருக்கு வேறு யாரைத் தெரியும்?

ஒவ்வொரு அடிக்கும் முழு பாரத்தையும் என் தோளில் போட்டுத்தான் நடந்தார். என்னை நம்பித்தான் காலை வைத்தார். "மதாம்..." என்றேன். "இங்க பள்ளம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதையாவது உண்மையாகச் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பேசினார். "நான் சரின்னு சொன்னேனே, அத யாராச்சும் எடுக்கறாங்களா?"

"இல்ல மதாம்."

"அப்ப எனக்கு மட்டும் ஒரு படம் ஓட்டிக் காட்டின."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். எல்லார் எதிரிலும் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். ஏன் ஒரு வார்த்தை திட்டாம போனாங்க? ஐயோ, எம்மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்.

ஏப்ரல் 24

மதாம் என் போனை எடுக்கவில்லை.

மே 3

நேரில் போனேன். உள்ளே ஒரு பெண் ஏதோ நாவல் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. என் குரல் கேட்டதும் மதாம் வாசல் வரை வந்தார். "பூர்ணிமான்னு ஒரு பொண்ணு வருது படிக்க. நல்லா படிக்குது. இருக்கறத மட்டும் படிக்குது. நீ போய் வாம்மா." கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

மே 11

மதாமின் மகள் ஏமா, பிரெஞ்சு ஊரான துலூஸிலிருந்து கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். அம்மா நினைத்தால் எல்லாவற்றையும் நிறுத்தலாம், ஆனால் அத்தனை பேர் பிழைப்பைக் கெடுக்க அவருக்கு விருப்பமில்லையாம். நாவலின் தலைப்பு, அவர் பெயர், அஞ்சலாட்சி என்ற பெயர் — இந்த மூன்றும் எங்கும் வரக்கூடாது. இவ்வளவுதான்.

விஜய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு மேடம். கதையும் உங்க பேர்லயே போட்டுடலாம்."

"வேணாம் சார். என் பேரையும் எடுத்துடுங்க."

"அது எப்படி மேடம்? யாராவது ஒருத்தர் எழுதியிருக்கணுமில்ல?"



செப்டம்பர் 12

இன்று வெளியாகிவிட்டது. இவர் குவார்ட்டர்ஸில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டார். கேசரி கிண்டினேன். நாற்காலி போதாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. 'கதை, திரைக்கதை: நிர்மலா.' தனியாக. பெரிதாக. எல்லாரும் கை தட்டினார்கள். இவர் ரிமோட்டை அமுக்கிப் படத்தை அங்கேயே நிறுத்தி, என்னை டி.வி. பக்கத்தில் நிற்கவைத்துப் போனைத் தூக்கினார்.

"சிரிம்மா" என்றார்.

சிரித்தேன்.