சுவிட்சில் ஒட்டிய டேப்

தம்பிக்கு,

சிங்கவரம் பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய விபத்து அறிக்கை கிடைத்தது. கடலை உடைக்கும் மில்லுக்கு சூப்பர்வைசர் நீதானே, காரணத்தையும் நீதான் எழுதியிருக்கிறாய்: ‘கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்காமல் மெஷினுக்குள் கை விட்டது தொழிலாளியின் கவனக்குறைவு.’ அதற்குக் கீழே உன் மாமா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அந்தச் சுவிட்சை யாரும் அணைக்க முடியாதபடி டேப் சுற்றியது யார்? நானும் அங்கேதான் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தேன். “கரண்ட் வந்த நிமிஷமே மெஷின் ஓடணும், எவனும் சுவிட்சுல கை வெக்கக் கூடாது” என்று நீ கத்தினாய். சிக்கிய தோலை எடுக்க அவர் கை விட்டார். கரண்ட் வந்துவிட்டது.

மூன்று விரல் போன மனுஷனைப் பார்க்க செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தாய். டேப்பைப் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் நீ மில்லிலிருந்து கிளம்பினாய் என்று என்னோடு வேலை செய்யும் வளர்மதி பிறகு சொன்னாள்.

அறிக்கையைத் திருப்பி அனுப்புகிறேன். அவர் கையெழுத்து இல்லை. பின்பக்கம் டேப்பைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் வீட்டில் கரண்ட் போனால் அவர் எழுந்துபோய் ஃபேன், லைட், டிவி என்று ஒவ்வொரு சுவிட்சையும் இடது கையால் அணைத்துவிட்டு வந்து உட்காருகிறார். கவனமில்லாத மனுஷன்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி