கல்லாற்றுப் பாலத்துக்கு எட்டு இணைப்புகள்

அக். 6, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, மழை. பட்டறை வேளிக் கடற்கரையை ஒட்டி; கடற்காற்று நேராக உள்ளே நுழைகிறது. ஷட்டரை இறக்கினால் புழுக்கம். ஏற்றினால் மிக் வெல்டிங் கெட்டுப்போகிறது.

புதிய வேலை: கல்லாற்றில் ஒரு ரிசார்ட்டுக்கு நடைபாலம். இரண்டு பாதியாக இங்கே செய்து, லாரியில் கொண்டுபோய், ஓடைக்கு மேலே வைத்து இணைக்க வேண்டும். அங்கே மட்டும் எட்டு இணைப்புகள்.

மாணிக்கம் (முதலாளி, நாற்பது வயது, ஆரியசாலை இரும்பு மொத்தக்கடைக் குடும்பம்) வரைபடத்தைப் பார்த்துவிட்டு: "சார், எல்லாத்தையும் மிக்லயே அடிச்சிருவோமே. எதுதான் பெஸ்ட்டு? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தை. முதுகலைப் பட்டம் வாங்கி, ஒரு பெரிய தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வெல்டிங் மட்டுமே பார்த்துவிட்டு இந்தப் பட்டறைக்குப் பொறியாளராக வந்தவனிடம் கேட்கிற கேள்வி. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். நகல்:

ஸ்டிக் (ராடு): ராடில் பூசிய மருந்து எரிந்து, தானே புகையாகவும் கசடாகவும் மூடிக்கொள்ளும். காற்றுக்குப் பயப்படாது. ஆனால் மெதுவு. ராடு தீர்ந்ததும் நிறுத்து, கசடு தட்டு, பிரஷ் போடு, அடுத்த ராடு.

மிக்: கம்பி தானே ஓடிவரும், வாயு சுற்றி நின்று காக்கும். ஸ்டிக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகம். காற்று அடித்தால் வாயு கலையும், உள்ளே குமிழ் விழும். மேலே பார்க்க அழகாகவே இருக்கும். இந்த அழகை நம்பக் கூடாது.

டிக்: ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, காலில் பெடல். எல்லாவற்றிலும் சுத்தம், எல்லாவற்றிலும் மெதுவு. மெல்லிய தகடு, ஸ்டெயின்லெஸ்.

மண்ணுக்குள் எரிகிற மாதிரி தூளுக்கு அடியில் எரியும் ஆர்க், அதாவது மின்சுடர், ஒன்று உண்டு. கப்பல், பெரிய தொட்டிகளுக்கு. நம்மிடம் இல்லை, வேண்டவும் வேண்டாம். கேஸ்: பித்தளைக்கும் ஒட்டுவேலைக்கும்.

ஆகவே உத்தரங்கள் இங்கேயே மிக்கில், ஷட்டர் இறக்கி. கைப்பிடி டிக். கல்லாற்றில் எட்டு இணைப்பும் ஸ்டிக்.

படித்துவிட்டு மாணிக்கம்: "மொத்தத்துல மூணும் வேணும்னு சொல்லுதீங்க." ஆம்.

அக். 7, செவ்வாய்

அந்த எட்டையும் யார் போடுவது? நான் சொன்ன பெயர் ஜெசிந்தா. நாற்பத்திரண்டு வயது, களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ். எட்டு வருடமாக இங்கே கேட், கிரில். செங்குத்தாக, கீழிருந்து மேலே போடும்போது உருகிய உலோகத்தை வழியவிடாமல் பிடிக்கிற கை இந்தப் பட்டறையில் அவளுக்கு மட்டும்தான்.

ஆனால் காகிதம் வேண்டும். ரிசார்ட்டின் ஆய்வாளர் முன்னால் இரண்டு தகடுகளைச் செங்குத்தாக இணைக்க வேண்டும், எக்ஸ்ரேயில் தேற வேண்டும். தேறினால் அங்கீகாரம் பெற்ற வெல்டர், பாலத்தின் ஆவணத்தில் பெயர். தேறாவிட்டால் ஒரே ஒரு மறுதேர்வு. அதுவும் போனால் கொச்சியிலிருந்து ஆள் வரும். ஜெசிந்தா திரும்பவும் கேட்டுக்கும் கிரில்லுக்கும்.

அவளிடம் சொன்னேன். முகமூடியைத் தூக்கி, "எனக்கா சாரே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு கேட் வேலைக்குத் திரும்பினாள்.

ஆய்வாளர் யார் என்று மாலையில் தெரிந்தது. சசிதரன்.

இதை எழுதாமல் விட முடியாது. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். என் ஆய்வகக் குறிப்புகளைப் பார்த்து எழுதியவன். நேர்முகத் தேர்வில் எனக்கு முன்னால் உள்ளே போய், நான் வெளியே வந்தபோது வேலையோடு நின்றவன். குழுவில் அவன் சித்தப்பா. என் கல்யாணத்துக்கு வந்து இரண்டாம் பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மற்றபடி நாள் நன்றாகவே போனது. மதியம் சூடாக ரசம் சாதம். வயிறு அமைதி. இந்தப் பட்டறையில் என்னைத் தாண்டி யாரும் பதவி உயர முடியாது. அந்த நிம்மதி தனி.

அக். 8, புதன்

ராடு ஓவனின் கதவில் நான் ஒட்டிய காகிதம் கிழிந்திருந்தது. புதிதாக எழுதினேன்: உள்ளே சாப்பாடு வைக்கக் கூடாது.

போன வருடம்வரை ஒரு வழக்கம். பத்து மணிக்கு எல்லோருடைய பொதிச்சோறும் மீன்குழம்பும் ஓவனுக்குள். ஒரு மணிக்கு விருந்து. இந்த ராடின் மருந்து ஈரத்தைக் குடிக்கும், ஈரம் ஆர்க்கில் வாயுவாகி உலோகத்துக்குள் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் ஓவன் நூற்றிருபது டிகிரியில் நிற்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கிரைண்டிங் ரெஜி: "அப்போ எங்க மீனுக்க ஆவிதான் பிரச்சினை, இல்லியா சாரே?" ஆம், உங்கள் மீனின் ஆவிதான். சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கரமனை வீட்டுக்குப் போகும் வழியில் குடை உடைந்தது. புதுக் குடை வாங்க வேண்டும்.

அக். 9, வியாழன்

தேர்வு. சசிதரன் பத்து நிமிடம் தாமதம். தலைமுடி முழுக்கக் கறுப்பு, சாயம்.

"எடோ தாணு! தான் இவிடெயோ?" நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பெயர் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பான்.

ஜெசிந்தா தகட்டின் முன் குந்தினாள். ராடுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் ராடில் ஆர்க் கொஞ்சம் சீறியது. அவள் ஒரு கணம் நிறுத்தி ராடைப் பார்த்தாள், பிறகு என்னை. தொடங்கு என்று கைகாட்டினேன். தொடங்கினாள். நாற்பது நிமிடம். வெளியே பார்க்க மிக நல்ல வேலை. மீன் செதில் அடுக்கியது போல.

சசிதரன்: "கொள்ளாமல்லோ." நன்றாக இருக்கிறதாம். தகட்டை எக்ஸ்ரேக்கு எடுத்துக்கொண்டு போனான்.

அக். 11, சனி

தேறவில்லை. படத்தில் புள்ளி புள்ளியாகக் குமிழ், ஒவ்வொரு அடுக்கிலும்.

சசிதரன் போனில் மிக மரியாதையாகச் சொன்னான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. காரணம் எழுதி அனுப்பச் சொன்னான். எழுதினேன்: "வெல்டரின் ஆர்க் கட்டுப்பாடு போதாமை." கையெழுத்துப் போட்டேன்.

மாணிக்கம் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்னக்கா, என்ன ஆச்சு?"

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டு: "கை பிழச்சு போச்சு முதலாளி."

என் மதிப்பீடு தவறியது என்று எனக்கு அவள்மேல் கோபம். இதையும் எழுதி வைக்கிறேன்.

அக். 13, திங்கள்

மழை இல்லை. மனைவி கோமதிக்கு முட்டுவலி, சமையல் இல்லை. மதியம் வெளியே சாப்பிட்டேன்.

நான் ஸ்டோருக்குள் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஜெசிந்தாவும் ரெஜியும், காலையில் நான் பூட்டைத் திறந்துவிட்டிருந்த ஓவனிலிருந்து, கல்லாற்று வேலைக்கு இல்லாத பழைய ராடுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருப்பது தெரியாது.

ஜெசிந்தா: "இண்ணைக்கு மணம் ஒண்ணும் இல்லியே."

ரெஜி: "என்ன மணம்?"

"அண்ணைக்கு பரீட்ச எழுதினேனில்லியா, அந்த ராடு எடுத்தப்ப. மொளகும் பெருங்காயமும். நல்ல ஒண்ணாந்தரம் ரசம்."

"தள்ளே! சாருக்க ரசமா? நீ ஏன் செல்லேல்ல?"

"செல்லீட்டு? மிண்டாம கெட. யாருட்டயும் பேசாத."

பேனாவை வைத்துவிட்டேன். அவர்கள் போனபின் ஓவனிடம் போனேன். வெப்பத் திருகு ஐம்பதில் நிற்கிறது.

விஷயம் இதுதான். மருத்துவர் சூடாகத்தான் சாப்பிட வேண்டும் என்றார். மூன்று வாரமாக என் இலைப்பொதியையும் ரசத் தூக்கையும் ஓவனின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். சாவி என்னிடம். நூற்றிருபதில் இலை கருகும் என்று ஐம்பதுக்குத் திருகுவேன், எடுத்தபின் திருப்பி ஏற்றுவேன். புதன்கிழமை ஏற்ற மறந்திருக்கிறேன்; அதன்பின் திருகைப் பார்க்கவே இல்லை. தூக்கின் மூடி எப்போதும் சரியாக மூடாது. மேல்தட்டில் தேர்வு ராடுகள். ஒரு ராத்திரி முழுக்க மூடிய பெட்டியில் ஆவி.

மீனுக்குத் தடை. ரசத்துக்கு அனுமதி. தடை எழுதியவனும் நான்.

மிச்சமிருந்த ராடு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். மருந்து மாவு போல உதிர்ந்தது.

அக். 14, செவ்வாய்

காலையில் ஜெசிந்தாவிடம் கேட்டேன். நேராக: "ராடு ஈரம் என்று தெரிந்தும் ஏன் போட்டாய்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே: "சாரே, போர்டு எழுதி ஒட்டின ஆளு நீங்க. ஆய்வாளரு நிக்காரு. அவரும் நீங்களும் கீரியும் பாம்பும்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்க முன்னால வச்சு ஒங்க ரசத்தப் பத்தி நான் எப்பிடி செல்ல?"

"பிறகாவது சொல்லியிருக்கலாம்."

"பின்னயா? தோத்ததுக்கு அப்பறம் செல்லியிருந்தா, பொம்பள சாக்கு செல்லுதாண்ணு செல்லுவாவ. நீங்களும் செல்லுவிய." கொஞ்சம் சிரித்தாள். "செல்லியிருப்பியளா மாட்டியளா, நேராச் செல்லுங்க."

சொல்லியிருப்பேன்.

மாணிக்கத்திடம் சொன்னேன். அவன் யோசனை: "மறுதேர்வுல நல்ல ராடு குடுங்க சார், பாஸாயிருவா. எதுக்குப் பழசைக் கிளறணும்?" தேறிவிடுவாள்தான். ஆனால் அவள் தாளில் முதல் முறை தோற்றவள் என்று இருக்கும், என் கையெழுத்தோடு. அடுத்த வேலை, அடுத்த ஆய்வாளர், எல்லோரும் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். இப்படி ஒரு தாள் என்னைப் பற்றியும் பழைய தொழிற்சாலையின் கோப்பில் இருக்கிறது. எழுதியவன் சசிதரன் என்றும் தெரியும்.

வீட்டில் கோமதி: "நீங்களே போய் அந்தாளு முன்னால நிக்கணுமா? போன்ல சொன்னா ஆகாதா?"

ஆகாது. எழுத்தில் தவறு செய்தேன், எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

"என் ரசம்னு எழுதாதீங்க" என்றாள். 'உணவு' என்று எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.

அக். 15, புதன்

சசிதரனின் அலுவலகம், கழக்கூட்டம். நெரிசலில் ஒன்றரை மணி நேரம். ஏசி அதிகம். அவன் மேசையில் ஒரு விருது, கண்ணாடி. அதை வாங்கும் தகுதி அவனுக்கு இல்லை.

கடிதத்தைக் கொடுத்தேன். என் பொறுப்பில் இருந்த ஓவன், என் உணவு, வெப்பம் குறைத்தது நான், முந்தைய அறிக்கை தவறு. இரண்டு முறை படித்தான்.

"எடோ, இது எழுதியே தீரணுமா? ராடு கம்பெனி மோசம்னு போட்டா மதி. ஞான் ஒப்பிடாம்." கையெழுத்துப் போடுகிறானாம்.

"ராடு நல்ல ராடு."

"தன்டெ பேருக்குக் கேடல்லே?"

"என் பெயர்தான்."

நிமிர்ந்து பார்த்தான். பிறகு: "பட்சே, என்து பட்சணம்?" என்ன உணவு என்கிறான்.

"ரசம்."

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருடக் கசப்பு ஒரு துளியும் குறையவில்லை. இன்னும் ஒன்று கூடியது. ஆனால் சிரித்து முடித்துவிட்டு எழுதினான்: முதல் தேர்வு செல்லாது. பொருள் பாதுகாப்பில் குறை, வெல்டரின் குறை அல்ல. ஆகவே அடுத்தது மறுதேர்வு அல்ல, முதல் தேர்வு.

கேட்காமலே அந்தக் கடைசி வரியை எழுதினான். இதையும் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது. எரிச்சல்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். வெகுநாளைக்குப் பிறகு நல்ல தூக்கம், பேட்டை வரை.

அக். 17, வெள்ளி

தேர்வு. புதுக் கட்டு ராடு, நேற்றே முந்நூற்றைம்பது டிகிரியில் சுட்டு, நூற்றிருபதில் வைத்தது. சாவி இப்போது ஜெசிந்தாவிடம். நான் கேட்டு வாங்க வேண்டும். கேட்டேன். "எதுக்கு சாரே?" என்றாள். ரெஜி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆர்க் சீறவில்லை. எண்ணெய் கொதிப்பது போல ஒரே சீரான சத்தம். மதியம் ஆறிய சோறு. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவரும் ஒரு ஆள்.

அக். 20, திங்கள்

தேறினாள். படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மாணிக்கம் பழம்பொரி வாங்கிவந்தான். ஜெசிந்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து: "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே சாரே."

ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் தேர்ச்சி என்றேன்.

நவ. 8, சனி. கல்லாறு

ஐந்தரைக்கே கிளம்பினோம். மலைமேல் மேகம். ஓடையில் தண்ணீர் அதிகம், சத்தமும். பாலம் நேற்றே உட்கார்ந்துவிட்டது.

காற்று. மிக் என்றால் இன்று ஒரு இணைப்புகூடத் தேறியிருக்காது. மாணிக்கம் தானாகவே சொன்னான், நான் சொல்வதற்கு முன்: "ஸ்டிக்தான் சார் இங்க."

தார்ப்பாய்க்கு அடியில் ஜெசிந்தா. சூடு ஆறாத ராடுப் பெட்டி தோளில். காலை நான்கு, மதியத்துக்கு மேல் நான்கு. சசிதரன் குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் தலையசைத்தான்.

முடிந்ததும் எண் அடிக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் போட்டவரின் எண்ணை இரும்பில் குத்துவது விதி. அவள் எண் ஏழு. எண் அச்சையும் சுத்தியலையும் கொடுத்தேன். மண்டியிட்டவள் நிமிர்ந்து:

"எந்தப் பக்கம் பாத்து அடிக்கணும் சாரே? தண்ணியப் பாத்தா, ஆளுவளப் பாத்தா?"

விதியில் அது இல்லை. சசிதரனைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை.

"ஆளுகளைப் பார்த்து" என்றேன்.

எட்டு அடி. எட்டும் ஒரே ஆழம்.

பெயின்டரிடம் சொல்ல வேண்டும்: எண்ணின் மேல் தடிமனாகப் பூச வேண்டாம்.