அழைப்பு வராத நேரமெல்லாம் ஓய்வாம்

இன்று காலை கேம்ப் ரோடு சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரர் வண்டியை நிறுத்தினார். பின்னால் கட்டியிருந்த தெர்மாகோல் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊறிப்போன கடல்தண்ணீர் வாசனை. உனக்குத் தெரியும், அது நம் விமானத்தின் வாசனை. மூன்று முறை பச்சை விழுந்தும் வண்டிகள் நகரவில்லை. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் பிடிக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது.

நாம் ஓட்டியது யாராவது கேட்டால் மட்டும் கிளம்பும் சரக்கு விமானம். கார் தொழிற்சாலைக்கு அவசரமாக ஒரு பாகம் போகும், எங்கோ ஒரு மருத்துவமனைக்கு இயந்திரம் போகும். அடிக்கடி போனது இறால் குஞ்சுதான். கடற்கரைப் பண்ணைகளில் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் விட்டு, தெர்மாகோல் பெட்டிகளில் வைத்து, வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் அனுப்புவார்கள். தாமதமானால் மொத்தமும் செத்துவிடும் என்பதால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் அடைத்த நேரத்தைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது நீ சொன்னாய்: “பாரு மச்சான், இறால் குஞ்சை எப்போ அடைச்சாங்கன்னு எழுதறான். நம்மளை எப்போ எழுப்பினாங்கன்னு எவனாவது எழுதறானா?”

ஒருவரும் எழுதியதில்லை. போன் வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கத்தில் விமானத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும், நம்முடைய ஷெட்யூல் அவ்வளவுதான். போன் எப்போது வரும் என்பது கம்பெனிக்கே தெரியாது. குன்றத்தூர் முருகன் மலையில் பாதிப் படியிலிருந்து மனைவியைத் திருப்பிக் கூட்டிவந்தது எனக்கு இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை அவள் தனியாகவே கிளம்பிப் போனாள். மாலையில் கூப்பிடுவார்கள், இரவெல்லாம் ஓட்ட வேண்டியிருக்கும் என்று பகலில் தூங்கப் பார்த்தால், சேலையூரில் பகலில் யார் தூங்கியிருக்கிறார்கள்? பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி ஓய்ந்தால் பக்கத்துப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அதுவும் ஓய்ந்தால் தலைக்கு மேல் விமானப்படையின் பயிற்சி விமானம் வட்டமடிக்கும். ஒரு பைலட்டைத் தூங்கவிடாமல் செய்ய இன்னொரு பைலட்.

நீ சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்கும்போதும் பையில் போன் அதிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே மூன்று முறை எழுந்து வெளியே போனாயாம். வாசலில் போதகர், “பிரதர், உங்களுக்கு மட்டும் மேலேருந்து நேரடி லைன் இருக்கு போல” என்று சிரித்தாராம். “இல்லீங்கய்யா, இது அதைவிடக் கண்டிப்பான ஆள்” என்றாயாம். இதை என்னிடம் சொல்லிச் சொல்லி நீயே சிரித்தாய். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை.

மாதக் கடைசியில் வேலை நேரத் தாள் வரும். போன் வராத நேரம் முழுவதையும் அதில் “ஓய்வு” என்று அச்சடித்திருப்பார்கள். ஓய்வு என்றால் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை உன்னைக் கூப்பிடமாட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது. இங்கேயோ எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து, கூப்பிடவில்லை அல்லவா, அப்படியானால் ஓய்ந்திருந்தாய் என்று எழுதிக்கொள்வார்கள். நீயும் நானும் மாதாமாதம் கையெழுத்துப் போட்டோம். எல்லாரும் போட்டார்கள்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலிருந்து நம் இருவரையும் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அநேகமா இன்று மாலை, அநேகமா நாளைக் காலை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன். திங்கள் மதியம்தான் வரச் சொன்னார்கள். இறால் குஞ்சு, கொல்கத்தா. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நீ இடது இருக்கையில் உட்கார்ந்து சரிபார்ப்புப் பட்டியலை வாசித்தாய். ஒரே வரியை மூன்று முறை வாசித்தாய். நான் அதைக் கவனிக்கவே இல்லை. தூக்கமில்லாமல் நானும் அதே நிலையில்தான் இருந்தேன். நீதான் நிறுத்தினாய். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, “மச்சான், நான் ஓட்டல. நீயும் ஓட்டாத” என்றாய்.

மேனேஜர் வெயிலில் ஓடிவந்தார்.

“ரெண்டு நாளா ஒரு ட்ரிப்பும் இல்லையே கேப்டன். வீட்லதானே இருந்தீங்க?”

“வீட்லதான் இருந்தேன். தூங்கல.”

“அது உங்க பர்சனல் விஷயம் சார்.”

“உங்க போன்தான் சார் எழுப்பிச்சு.”

வேறு பைலட் கிடைப்பதற்குள் குஞ்சுகள் செத்துப்போயின. அந்த வாரமே மாதக் கடைசி, தாள் வந்தது. சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வு. நீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாய். நான் போட்டேன். இன்று யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. பயந்துகூடப் போடவில்லை. கூரியர் பையன் நின்றுகொண்டிருந்தான், எப்போதும் போல் போட்டுக் கொடுத்தேன்.

கம்பெனி உன்னை விசாரித்த அறையில் என்னையும் உட்காரவைத்து, நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான் மேஜையில் வைத்தார்கள். உங்களோடு இருந்தவரே ஓய்வில் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். “நீ சொல்லு மச்சான். அந்த ரெண்டு நாள் நமக்கு ஓய்வுன்னு யாராவது முன்னாடியே சொன்னாங்களா?”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்ல” என்றேன்.

முழு ஓய்வுக்குப் பிறகும் பறக்க மறுத்தவர் என்று ஒரு கடிதம் கொடுத்து உன்னை அனுப்பினார்கள். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் உன்னைக் கூப்பிடவில்லை. நாவலூரில் ஓர் ஐடி அலுவலகத்துக்கு கேப் ஓட்டும் டிரைவர்களுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாய். பன்னிரண்டாயிரம் அடியில் வானிலை பார்த்து முடிவெடுத்தவன், ஓஎம்ஆரில் எந்தச் சிக்னலில் எத்தனை நிமிடம் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்காக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ அதை நல்ல வேலை என்றாய்.

உன் அடக்கத்துக்கு அந்த டிரைவர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். நான் கேட்காமலே சொன்னார்:

“சாரு முந்தின நாள் சாயங்காலமே சொல்லிடுவாரு சார், நாளைக்கு உனுக்கு ரெஸ்ட்டுன்னு. அப்பால அவுங்க ஆபீஸ்ல தலைகீழா நின்னாலும் எங்க நம்பரைக் குடுக்க மாட்டாரு. போனை ஆப் பண்ட்டு வூட்ல படுத்துக்கினு கெடப்போம்.” என் பக்கம் திரும்பி, “நீங்க சாரோட பிளேன் ஓட்டுனவரா? அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

ஆமாம், எனக்குத் தெரிந்திருந்தது.

உன் மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்டார். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு. “அண்ணா, அந்த லெட்டர் இன்னும் அவர் ஃபைல்ல இருக்கு. பசங்க எடுத்து எடுத்துப் படிக்கறாங்க. நடந்தது என்னன்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா, அதையும் சேர்த்து வெச்சுருவேன்.” பிறகு அவர் எனக்கு அதை நினைவுபடுத்தவே இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் ஓட்டினேன். வேலை போய்விடுமே, இந்த வயதில் யார் எடுப்பார்கள், செத்தவனுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தினமும் ஒரு நியாயம் கிடைத்தது. கம்பெனி மீதும் மேனேஜர் மீதும் நான் வைத்திருக்கும் கோபத்துக்கு அளவில்லை. அதில் பாதி நான் என்னைப் பார்க்காமலிருக்கப் பிடித்த மறைப்பு.

நேற்று இந்த மாதத் தாள் வந்தது. ஒன்பது நாள் ஓய்வு. ஒன்பதையும் அடித்துவிட்டு, பக்கத்தில் “காத்திருந்தேன்” என்று எழுதினேன். பேனாவை மூடாமல் இன்னொரு தாளை எடுத்து அந்தச் சனி, ஞாயிறு, திங்களையும் எழுதினேன். எத்தனை போன் வந்தது, பட்டியலை நீ எத்தனை முறை வாசித்தாய், நான் என்ன சொன்னேன், எல்லாம். இரண்டு பிரதி.

இன்று காலை அந்தச் சிக்னலைத் தாண்டிப் பல்லாவரம் அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் இப்போதும் அதே ஆள்தான், தலைமுடி மட்டும் போய்விட்டது. முழுவதும் படித்தார்.

“இதென்ன சார் புதுசா? அன்னிக்கு ஞாபகம் இல்லன்னீங்களே.”

“அன்னிக்கும் ஞாபகம் இருந்தது.”

தாளை என் பக்கம் நீட்டினார். பிறகு, இதை வாங்கியதாகக் கையெழுத்துப் போட முடியாது என்றார். போட வேண்டாம் என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் என்னைக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. இன்னொரு பிரதியை உன் வீட்டில் கொடுத்தேன். உன் மனைவி நின்றபடியே படித்தார். நான் பொய் சொன்ன வரிக்கு வந்தபோது அவர் கண் அதே இடத்தில் நின்றது. பிறகு தாளை மடிக்காமல் உள்ளே எடுத்துப் போனார். காப்பி வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விசாரணை முடிந்த அன்று என் வண்டி சர்வீஸில் இருந்தது. உன் பைக்கில்தான் திரும்பினேன். பல்லாவரத்திலிருந்து சேலையூர் வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டு, இப்போது திட்டுவாய், அடுத்த திருப்பத்தில் திட்டுவாய் என்று காத்திருந்தேன். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாய். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. போய்ப் படு மச்சான்” என்றாய். அதில் ஒரு குத்தலும் இல்லை. இருந்திருந்தால் நான் எப்போதோ பதில் சொல்லி முடித்திருப்பேன்.