என் கணினிக்கு மட்டும் இணையம் இல்லை

மார்ச் 10, திங்கள்

காலையில் வந்து உட்கார்ந்தால் கணினி முரண்டு பிடிக்கிறது. வைஃபை பெயர் வருகிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது, பிறகு 'இணையம் இல்லை' என்று கையை விரிக்கிறது. அணைத்துப் போட்டேன். மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் தொங்கும் ரௌட்டரையும் பிடுங்கி, நூறு வரை எண்ணி, மறுபடி செருகினேன். அதே பாட்டு. கைப்பேசிக்கு மட்டும் அதே வைஃபை ஜோராக வருகிறது!

வியாழக்கிழமைக்குள் பதினோரு விசாரணைப் பதிவுகளைக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அலுவலக மென்பொருள் கணினியில்தான் திறக்கும். கைப்பேசி டேட்டாவை இணைத்துப் பார்த்தேன், வேலை செய்தது. இரண்டு பதிவுகளை இறக்குவதற்குள் டேட்டா காலி.

மேல் வீட்டில் அக்காவும் மாமாவும்தான். போய் அக்காவிடம் கேட்கலாம்தான். ரௌட்டர் அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு நின்று ஏழு வாரம். "இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி இருக்கடா நீ. வர்றே, கதவைச் சாத்துறே" என்றாள். அன்றிலிருந்து நிஜமாகவே சாத்திவிட்டேன்.

நேற்று நாலைந்து பேர் எதையோ தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினார்கள். புது பீரோவாக இருக்கும். எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனேன். அவர் கடை வைஃபையில் போட்ட உடனே ஓடியது. எனக்கு மானமே போயிற்று.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்டு ரௌட்டர்தான் இதை மட்டும் உள்ள விட மாட்டேங்குது. வீட்டுல யாராவது பிளாக் பண்ணியிருக்காங்களா பாருங்க" என்றார்.

வீட்டில் யாராவது!

மேற்பார்வையாளர் அம்மாவின் செய்தி மூன்று முறை வந்துவிட்டது. இரண்டு பதிவுதான் முடிந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

அவளேதான். வேறு யார்? முகத்துக்கு நேரே சண்டை போட்டால் தாங்கிக்கொள்ளலாம். இப்படி ஓசைப்படாமல் வயிற்றில் அடிப்பதா?

ஆனால் அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். யாரிடமாவது கேட்டுச் செய்திருப்பாள்.

ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் நிர்வாகக் கடவுச்சொல் இருந்தது. படியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் அதன் பக்கத்தைத் திறந்தேன். தடைப் பட்டியல் வெறுமையாக இருந்தது. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் என் கணினிக்கென்று போன வருடம் நானே நிரந்தரமாகக் கொடுத்து வைத்த ஐ.பி. முகவரி எண்ணில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு கேமரா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

கேமரா எதற்கு? என்னை வேவு பார்க்கவா? என் கதவுக்கு நேரே எங்காவது வைத்திருக்கிறாளா? படி, வாசல், நடை எல்லாம் தேடினேன். இல்லை. அப்படியென்றால் மேலேதான். நாளை போய்ப் பிடுங்கி எறிகிறேன், வருவது வரட்டும்.

மார்ச் 13, வியாழன்

மேல் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு போனேன்.

மாமா கட்டிலில் கிடந்தார். இடுப்பில் பெரிய கட்டு, கால்களுக்கு நடுவே தலையணை. தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. "வா மாப்ளே" என்று சிரித்தார்.

எதிரே அலமாரியின் மேல் கேமரா. அதற்குள்ளிருந்து, வேலையிடத்திலிருந்து பேசும் அக்காவின் குரல்:

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"என்னக்கா ஆச்சு மாமாவுக்கு?"

"ஏன், தெரியாதா உனக்கு? நாலாம் தேதி குளியலறையில வழுக்கி விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு. நான் போன் பண்ணி, அவர் எடுக்கலன்னு ஓடி வர்ற வரைக்கும், ஒரு மணி நேரம், உன்னைத்தான் கத்திக் கூப்பிட்டிருக்காரு. ஆம்புலன்ஸ்காரங்க தூக்கிட்டு இறங்குறப்பவும் உள்ள டைப் அடிக்கிற சத்தம் கேட்டுது."

"எனக்குக் கேக்கலக்கா."

"கேக்கலயா, கேக்காத மாதிரி இருந்தியா?"

அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். காதை முழுசாக மூடும் ஹெட்போன். முகம் தெரியாத யாரோ ஒரு சாட்சி முணுமுணுத்த ஒரே ஒரு சொல்லுக்காக ஏழெட்டு முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்த நேரமாகத்தான் இருக்கும். ஞாயிறன்று தூக்கிப் போனதும் பீரோ இல்லை, மாமா. நாற்காலியில் வைத்து ஏற்றியிருக்கிறார்கள்.

"விடு, கேட்டிருந்தா வந்திருப்பான்" என்றார் மாமா, கேமராவைப் பார்த்து. "நான் கத்துற லட்சணம் அப்படி."

"நீதான் என் இணைப்பை வெட்டிட்டியோன்னு நெனச்சேன்கா" என்றேன். ஏன் அதை அப்போது சொன்னேனோ, தெரியவில்லை.

"வைஃபையில எனக்கு ஆனா ஆவன்னா தெரியுமாடா? டப்பாவுல போட்டிருந்தபடி மாட்டினேன். அவரைத் தனியா விட்டுட்டு வர மனசு கேக்கல, லீவும் இல்ல. வேற என்ன பண்ணச் சொல்றே?"

கேமராவில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒரு மணிக்கு மாத்திரை இருக்கு. தண்ணி வெதுவெதுப்பா குடு."

கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கணினி சரியாகிவிட்டது. அதுவும் கேமராவும் ஒரே எண்ணுக்கு மோதியிருக்கின்றன. நான் கொடுத்திருந்த எண்ணை எடுத்துவிட்டு, 'ரௌட்டரே கொடுக்கட்டும்' என்று மாற்றினேன். ஒரு நிமிட வேலை. நாலு நாளாக யார் மேலெல்லாம் பாய்ந்தேன்!

கெடு தாண்டிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மா பாதிப் பதிவுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். வாதாடத் தோன்றவில்லை.

மார்ச் 17, திங்கள்

மேசையை மேல் வீட்டுக்கு, மாமா கட்டிலருகே ஏற்றினேன். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். வேலை நத்தை வேகத்தில் நகர்கிறது.

மார்ச் 22, சனி

அக்கா சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். என் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனார். திரும்பும்போது, "அந்தக் கண்ணு என்னையே முறைக்குதுடா, முதுகு சொறியக்கூட விடல" என்றார். கேமராவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அக்காவின் போன்.

"என்னடா, படமே வரல?"

"நான்தான் எடுத்து வெச்சேன். நான் இங்க இருக்கேன்ல?"

அவள் பக்கம் யாரோ பெயர் கூப்பிடும் சத்தமும், கண்ணாடிக் குழாய்கள் உரசும் சத்தமும் கேட்டன.

"சரி. அப்ப இன்னிக்கு நான் மெதுவா வர்றேன்" என்றாள்.