இருக்கையில் இருந்த தொப்பி

மாண்புமிகு கணவருக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் பட்டுத் தொப்பியை இனி நான் துலக்கப்போவதில்லை.

நாடாளுமன்றத்தில் காலையிலேயே ஓர் இருக்கையில் தொப்பியை வைத்துவிட்டவருக்கே அன்று அந்த இருக்கை. அந்த வழக்கத்தை நானும் அறிவேன். நெசவுப் பெண்களின் வேலைநேர மசோதாவுக்காகப் பேசுவதாக நீங்கள் சத்தியம் செய்திருந்ததால், தறிக்காரி மிஸஸ் ஹார்கிரீவ்ஸை லண்டனுக்கு அழைத்துவந்து பார்வையாளர்களுக்கான பெண்கள் மாடத்தில் உட்கார்ந்தேன். கீழே உங்கள் இருக்கையில் தொப்பி இருந்தது; நீங்கள் இல்லை.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு தொப்பிய மட்டும் அனுப்பிட்டாரா?" என்றாள் அவள். "பரவால்ல, போன தடவ அவரு பேசுனதுக்கு இதுவே தேவலாம்."

மசோதா தோற்றது. "ஐயா மத்தியானமே வேற தொப்பி போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாருங்களே!" என்றார் வாயில்காவலர். நான் வாங்கித் தந்தது ஒரு தொப்பிதான். மற்றதை வாங்கித் தந்தவருக்காவது நல்ல ரசனை இருக்கும் என நம்புகிறேன்.

இங்கே அனைவரும் நலம். பதினோரு மாதங்களுக்கு முன் பத்தொன்பது வாக்குகள் வித்தியாசத்தில் வென்றீர்கள். வாக்காளர்களை ஏற்றிவந்தவை என் அப்பாவின் பன்னிரண்டு குதிரை வண்டிகள். இப்போது நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமை தேர்தல். வண்டிகளை அப்பா உங்கள் எதிர் வேட்பாளருக்குக் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
சட்டப்படி உங்கள் மனைவி